கூரையில் மாட்டிக்கொண்ட திருடன்

குரோய்வா மசாட்டோவின் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கூட்டம் என்று நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தால் போதும், மேஜைக்கு அடியில் அவருடைய வலது கை விரல்கள் முழங்கால்மேல் ஓட ஆரம்பித்துவிடும். விசைப்பலகையில் தட்டுவதுபோலவே தட்டும். முகம் மட்டும் மேலே, வீடியோ கேம் தயாரிப்பாளருக்கு உரிய களையோடு, "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஃபுமியே ஒருநாள் காலையில் சோற்றுக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, தூக்கத்துல என் முதுகுல டைப் அடிக்கிறீங்களே, என்னதான் எழுதுறீங்க? ஓடுற மாதிரி ஏதாவது இருந்தா எனக்கும் போட்டுக் காட்டுங்க."

"தூக்கத்துல எழுதினது எங்க ஓடப்போகுது?"

"முழிச்சிருக்கும்போது எழுத விடமாட்டேங்கிறாங்களே, பாவம்."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

படிப்பு முடிந்த கையோடு ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எழுதியதுதான் 'கூரைத் திருடன்'. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கூரைகளின்மேல் ஓடுகிற ஒரு திருடன். கூரைக்குக் கூரை தாவுவான், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்தத் தாவலில் ஒரு சூட்சுமம் இருந்தது. மேலே போனவன் உச்சியில் ஒரு கண்ணிமைப்பு நேரம் அப்படியே நிற்பான். நின்றுவிட்டுத்தான் இறங்குவான். அந்த ஒரு இமைப்பில் நாடு முழுக்கப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இமைப்பு குரோய்வாவுடையது. எத்தனையோ வாரம் எழுதி, அழித்து, எழுதிப் பிடித்தது.

அதில் அவர் பெயர் உண்டா என்றால் இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரு பயம்: நல்ல புரோகிராமரின் பெயர் தெரிந்தால் அடுத்த கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானாம். அதனால் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களெல்லாம் பொய்ப் பெயர்கள். இவர் 'கொன்யாக்கு' என்று போட்டுக்கொண்டார். குளிர்காலத்தில் தெருவோரச் சட்டியில் கொதிக்குமே, வழவழ என்று ஒரு கிழங்குக் கட்டி, அதன் பெயர். பெற்ற அம்மாவே திரையைப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடா?" என்று கேட்டாள்.

பிறகு முப்பத்தைந்து வயது வந்தது. புரோகிராமருக்கு முப்பத்தைந்துக்குமேல் மூளை ஓடாது என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்ட பேச்சை இந்தத் தொழிலில் வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி, புது வருடக் கணக்கு தொடங்கும் நாளில், எல்லாரையும் நிற்கவைத்து நியமனக் காகிதம் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் வாங்க வேண்டும், குனிய வேண்டும், "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்பதற்கு அந்தச் சடங்கில் இடமே கிடையாது. குரோய்வா வாங்கினார், குனிந்தார், சொன்னார். நிமிர்ந்தபோது தயாரிப்பாளர் ஆகியிருந்தார். மேஜையிலிருந்து விசைப்பலகை போய்த் தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு வந்த திருடன் பாகங்களில் எல்லாம் அவர் பெயர்தான் முதலில், பெரிய எழுத்தில். எழுதிய காலத்தில் பெயர் இல்லை, ஒரு வரி எழுதாத காலத்தில் திரை நிறையப் பெயர். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

திருடனுக்கு ஆறாவது பாகம் தயாராக ஆரம்பித்தபோது நிர்வாக இயக்குநர் எபிசாவா அவரை விலாங்கு மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எபிசாவா நல்ல மனுஷர், சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகக் கண்கலங்குவார்.

"குரோய்வா, இந்த ஆறாவதை நல்லபடியா முடிச்சுக் குடு. அப்புறம் ரெண்டாவது மாடி ஆராய்ச்சி அறை உனக்குத்தான். உக்காந்து எழுது. எவனும் உன்ன கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டான்."

"நிஜமாவா சார்?"

"அட, விலாங்கு மேல சத்தியம்யா. சாப்பிடு."

ஆராய்ச்சி அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கணினி, ரயில் பாதையைப் பார்த்த ஒரு சன்னல். மறுநாளே குரோய்வா வீட்டிலிருந்து ஒரு மெத்தை கொண்டுவந்து அந்த அறை நாற்காலியில் போட்டுவைத்தார். சாப்பாட்டு நேரத்தில் போய் அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவார். சிரிக்காதீர்கள். அந்த மனுஷருக்கு அந்த வருடம் முழுக்க இருந்த நம்பிக்கை அந்த மெத்தைதான்.

இந்தத் தடவை தலைமைப் புரோகிராமர் முகாய் சடோமி. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, எந்நேரமும் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவள். வாய் கொஞ்சம் துடுக்கு. திருடனின் தாவல் அவள் பொறுப்பு. வசந்த காலத்தில் நடந்த கூட்டத்தில் அவள் எழுந்து சொன்னாள்.

"சார், தாவலக் கொஞ்சம் கம்மி பண்ணிருக்கேன். உச்சியில நிக்கிறத எடுத்துட்டேன். இப்போ கூரையெல்லாம் நாலா பக்கமும் இருக்கு. பழைய மாதிரி நின்னு எறங்கினான்னா, நாம போகக்கூடாதுன்னு வெச்ச கூரைக்கெல்லாம் ஏறிடுவான். ஏறினா எறங்க வழி கிடையாது."

"உச்சியில நிக்கிறத எடுத்துட்டேன்" என்பதோடு குரோய்வாவின் காது அடைத்துப்போயிற்று. மேஜைக்கு அடியில் விரல்கள் பழைய தாவலை வரி வரியாக எழுத ஆரம்பித்துவிட்டன. மேலே முகம் தலையாட்டியது.

"ஆமாம், ஆமாம். அப்படியே பண்ணிடலாம்."

ஆகஸ்ட் வந்தது, ஓபோன் விடுமுறையும் வந்தது. செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள். அலுவலகங்கள் மூடிக் கிடக்கும், எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். முகாயும் அவள் ஆட்களும் வேலையை முடித்து, கடைசி டிஸ்க்கைப் பதிந்து, மேஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்ததும் அந்த டிஸ்க்கை வைத்துத்தான் லட்சக்கணக்கில் அச்சடிப்பார்கள். அதைக் கூரியர்காரனிடம் ஒப்படைப்பது தயாரிப்பாளர் வேலை.

ஃபுமியே தோட்டோரியில் அவள் பிறந்த வீட்டுக் கல்லறைகளைக் கும்பிடத் தனியாகக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "செத்தவங்களே லீவு போட்டு வீட்டுக்கு வர்றாங்க. உங்களுக்கு மட்டும் லீவு இல்லையாக்கும்," என்றாள்.

"ஒரு டிஸ்க்கக் குடுத்துட்டு வந்துடறேன்."

நண்பகலுக்கு அவர் அலுவலகம் போனபோது குளிர்சாதனத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியே சில்வண்டுகள் காதைக் கிழித்தன. முகாயின் மேஜையில் டிஸ்க் இருந்தது, உறைமேல் அவள் கையெழுத்து. கூரியர்காரன் வரச் சாயங்காலம் ஆகும். சும்மா இருந்த நேரத்தில் டிஸ்க்கைப் போட்டு விளையாடிப் பார்த்தார்.

திருடன் ஓடினான். தாவினான். போன வேகத்தில் இறங்கினான். உச்சி என்று ஒன்றே இல்லை.

மறுபடி தாவவைத்தார். மறுபடியும் அப்படித்தான். 'இவன் நம்ம ஆள் இல்லையே' என்று வாய்விட்டே சொன்னார். கேட்க அங்கே யாரும் இல்லை. அதுதான் வினை. யாராவது ஒருத்தர் இருந்திருந்தால் அவர் தயாரிப்பாளராகவே இருந்திருப்பார்.

முகாயின் விசைப்பலகை மேல் தூசி படாமலிருக்க ஒரு சின்னத் துண்டு போர்த்தியிருந்தது. அதை எடுத்து மடித்து வைத்தார். உட்கார்ந்தார். தேடினார். எல்லாம் புது மாதிரி எழுத்து, பாதி புரியவில்லை. ஆனால் தாவல் இருக்கும் இடம் மட்டும் புரிந்தது. பெற்றவனுக்குத் தெரியாதா? இரண்டு எண்ணை மாற்றினார், கூடச் சில வரிகள் எழுதினார். ஓட்டிப் பார்த்தார். திருடன் தாவினான், உச்சியில் ஒரு இமைப்பு நின்றான், இறங்கினான்.

குரோய்வா தனியாக உட்கார்ந்து சிரித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கண்ணில் வேர்வை இறங்கியது, அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. புது டிஸ்க்கைப் பதிந்து, உறையில் முகாயின் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதி, கூரியர்காரனிடம் கொடுத்தார். பிறகு இரண்டாவது மாடிக்குப் போய் மெத்தையில் உட்கார்ந்து, ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே பார்லி டீ குடித்தார். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்ததுபோலச் சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

விடுமுறை முடிந்ததும் முகாயிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். சொன்னால் அவள் தொழிற்சாலையை நிறுத்துவாள், முதலிலிருந்து எல்லாக் கூரையையும் சோதிக்கச் சொல்வாள். ரெண்டு எண்ணுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். நாளைக்கும் அதையே நினைத்தார்.

இலையுதிர் காலத்தில் விளையாட்டு கடைக்கு வந்தது. முதல் வாரம் ஒரே புகழ்ச்சி. 'பழைய திருடன் திரும்பி வந்துவிட்டான்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். எபிசாவா அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். முகாய் அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

இரண்டாவது வாரம் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் அழைத்தது நீகாத்தாவிலிருந்து ஒரு அம்மாள்.

"ஏம்ப்பா, என் வீட்டுக்காரர் நேத்துலேர்ந்து சாப்பிடல. கேட்டா, திருடன் கூரை மேல நிக்கிறான்ங்கிறாரு. அவன கீழ எறக்கிவிடுங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்குப் பிறகு நாள் முழுக்க அதே புகார். மூன்றாவது கட்டத்தில் ஒரு கோயில் வரும். அங்கே மணிக் கூண்டுக்கு ஒரு கூரை உண்டு, அழகுக்காக வைத்தது. அதில் யாரும் ஏற முடியாது என்றுதான் கணக்கு. இப்போது உச்சியில் நின்று இறங்குகிற திருடன் அதில் போய் இறங்கினான். சுற்றிலும் மதில், ஓரத்தில் தாவினால் அதே கூரைக்குத் திரும்பி வந்தான். கீழே போகப் படி இல்லை, கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. கூரையில் கால் வைத்ததும் விளையாட்டு தானாகவே மெமரி கார்டில் பதிந்துகொள்ளும், அது ஒரு வசதி. அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் அதே கூரைதான். அதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் போச்சு.

குரோய்வா சோதனை அறையில் அதைப் பார்த்தார். நிலா வெளிச்சத்தில் திருடன் மணிக் கூரையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முகாய் வசந்த காலத்தில் சொன்னதன் மீதிப் பாதி அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. ஏறினா எறங்க வழி கிடையாது. ஐயோ என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எபிசாவா எல்லாரையும் கூப்பிட்டார்.

"தாவல் யாரு பொறுப்பு?"

முகாய் எழுந்தாள். "நான்தான் சார்." குனிந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அங்கே முதலில் குனிவார்கள், பிறகுதான் தேடுவார்கள்.

குரோய்வாவுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்தார்.

"டைரக்டர் சார், இது நான் பண்ணினது. முகாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தப்பு பூராவும் என்னோடது."

எபிசாவா கண் கலங்கிவிட்டார்.

"பாத்துக்கோங்கய்யா எல்லாரும். தயாரிப்பாளர்னா இதுதான்!"

இங்கேதான் அந்த மனுஷர் சரியாக மாட்டினார். அந்த ஊரில் மேலே இருப்பவர் "தப்பு பூராவும் என்னுடையது" என்று சொல்வது காலை வணக்கம் சொல்வதுபோல. கீழே எவன் எதைக் கொட்டினாலும் மேலே இருப்பவர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். என்ன தப்பு, எப்போது செய்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அதுதான் மரியாதைக் குறைவு. நிஜமாகவே தப்புச் செய்தவர் தன் தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கும் அதே வாக்கியம்தான் கிடைக்கும்.

கூட்டம் கலைந்ததும் குரோய்வா எபிசாவாவின் அறைக்கே போனார்.

"சார், நான் மரியாதைக்குச் சொல்லல. நிஜமாவே நான்தான். ஓபோன் அன்னிக்கு வந்து, முகாய் சீட்டுல உக்காந்து, என் கையால மாத்தினேன்."

"போதும்யா, போதும்." எபிசாவா அவர் தோளில் கை போட்டார். "நீ புரோகிராமத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு? அதுல எது எங்க இருக்குன்னாவது உனக்குத் தெரியுமா? அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு பொய் சொல்ற. அந்தப் பொய்யாவது ஒழுங்காச் சொல்ல வருதா உனக்கு?"

எபிசாவா சிரித்தார். குரோய்வாவை யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டார்.

டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கி, சரிசெய்த டிஸ்க் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் மொத்த வியாபாரியிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கென்று யோகான் வாங்குவார்கள், பயறும் சர்க்கரையும் போட்டு இறுக்கின இனிப்பு, செங்கல் மாதிரிக் கனக்கும். பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவு வருத்தம் என்று கணக்கு. எபிசாவா கடையிலேயே பெரிய பெட்டியை வாங்கச் சொன்னார். குரோய்வாவும் முகாயும் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பெட்டி அவள் மடியில் இருந்தது.

மொத்த வியாபாரி கஜிவாரா பழைய ஆள். கடைக்குப் பின்னால் சின்ன அறையில் அவர்களை உட்காரவைத்தார். இரண்டு பேரும் நெற்றி மேஜையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்கள்.

"ஐயா, ஒரு விஷயம் மட்டும் நீங்க தெரிஞ்சுக்கணும்," என்றார் குரோய்வா. "இவங்க சரியா எழுதிக் குடுத்தாங்க. இவங்களுக்குத் தெரியாம நான் மாத்தினேன். நானேதான்."

கஜிவாரா தொடையில் அறைந்துகொண்டார். "அடேங்கப்பா! இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஆளா! ஏம்மா, கேட்டுக்கிட்டியா? எங்க காலத்துல மேலதிகாரி எல்லாம் இப்படித்தான் இருந்தாங்க. போற வழியில கோயில்ல காசு போட்டுட்டுப் போ, உனக்கு இப்படி ஒரு மனுஷன் கெடைச்சாரேன்னு."

"ஆமாங்க ஐயா," என்றாள் முகாய். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "என் பாக்கியம்."

திரும்பும்போது ரயில் நிலைய மேடையில் நின்றுகொண்டே சாப்பிடும் உடோன் நூடுல்ஸ் கடையில் ஒதுங்கினார்கள். ஆவி பறக்கிற கிண்ணத்தை வைத்துக்கொண்டு முகாய் சொன்னாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? நீங்கதானே?"

குரோய்வா சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தார். "ஆமா."

"தெரியும்."

"எப்படி?"

"தேடினேன். கெடைச்சுது. இப்போ எவனும் அப்படி எழுதறதில்ல சார். மெமரி பத்தாத காலத்து ஆளு எழுத்து அது. ஒரு துளி எடம் மிச்சம் பிடிக்க என்ன பாடு பட்டிருக்கீங்க! இப்போ எடம் கொட்டிக் கெடக்கு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே போய்விட்டது. "நல்லா இருந்துச்சு. அதான் கோவம் கோவமா வந்துச்சு."

"நீ டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? நீங்களே உங்க வாயால எத்தனை தடவை சொன்னீங்க, யாரு நம்பினா? நான் சொன்னா, காப்பாத்தின மனுஷனையே மாட்டிவிடறா பாருன்னு காறித் துப்புவாங்க."

"என்ன மன்னிச்சிடு, முகாய்."

"ஐயோ, அத மட்டும் சொல்லாதீங்க சார். காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு." அவள் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் ரசம் குடித்தாள். "நான் அந்தக் கூட்டத்துலயே சொன்னேன். எறங்க வழி கிடையாதுன்னு. நீங்க தலையாட்டினீங்க."

"கேக்கல. கை எழுதிக்கிட்டு இருந்துச்சு."

முகாய் அவர் கையைப் பார்த்தாள். அது அப்போதும் கடை மேடையின் விளிம்பில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் கோபம் கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது.

"எனக்கு நீங்க ஒண்ணு செய்யணும் சார். என்ன எழுதற வேலையிலேர்ந்து மட்டும் எடுத்துடாம பாத்துக்கோங்க. கெட்ட பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"சத்தியமா பாத்துக்கறேன்," என்றார் குரோய்வா. மனசாரத்தான் சொன்னார்.

முகாய் திருடனைக் கீழே இறக்கினாள். தாவலை அவள் தொடவில்லை. "ஊரே பிடிச்சிருக்குங்கிறப்போ நான் எதுக்கு எடுக்கணும்? ஏணி ஒண்ணு சாத்திடறேன்," என்று சொல்லி, மணிக் கூண்டின் பக்கத்தில் ஒரு மூங்கில் ஏணியைச் சாத்தினாள். மாட்டிக்கொண்டு நின்றவர்களெல்லாம் புது டிஸ்க்கைப் போட்டு இறங்கிப் போனார்கள். நீகாத்தா அம்மாள் நன்றி சொல்லி ஒரு பெட்டி அரிசி அப்பளம் அனுப்பிவைத்தாள்.

பழைய டிஸ்க்குகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. வைக்க இடம் வேண்டுமே. இரண்டாவது மாடி ஆராய்ச்சி அறையைத் திறந்து அடுக்கினார்கள். ஒருநாள் குரோய்வா சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தபோது சன்னல் தெரியவில்லை. நாற்காலி எங்கோ உள்ளே இருந்தது, மெத்தையின் ஒரு மூலை மட்டும் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கித் தெரிந்தது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

மார்ச் கடைசியில் எபிசாவா மறுபடியும் விலாங்கு மீன் வாங்கிக் கொடுத்தார்.

"ஏப்ரல்லேர்ந்து நீ பிரிவுத் தலைவர்யா. கஜிவாரா பெரியவர் ஊரு பூரா உன் புகழத்தான் பாடறார். மேலிடத்துக்கே போயிடுச்சு."

"சார், எனக்கு அந்த ஆராய்ச்சி அறைய..."

"அங்கதான் டிஸ்க் கெடக்கே!" எபிசாவா விழுந்து விழுந்து சிரித்தார். "உன் எடத்துக்கு முகாயப் போடறோம். தயாரிப்பாளர்."

குரோய்வா குச்சிகளைக் கீழே வைத்தார். "வேண்டாம் சார். அவளப் போடாதீங்க. அவளுக்கு எழுதத்தான் பிடிக்கும். அத எடுத்துட்டீங்கன்னா அவ செத்துப்போயிடுவா."

"பாரு, பாரு, மறுபடியும் காப்பாத்தறான்! அவ வேலைப் பளு தாங்கமாட்டாளோன்னுதானே பயப்படற? தாங்குவாய்யா. செய்யாத தப்புக்குக்கூட எவ்வளவு அழகா குனிஞ்சா! அந்தக் குனிவுதான் தயாரிப்பாளருக்கு வேணும்."

"செய்யாத தப்பா? அப்போ நான்தான் செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

எபிசாவா மீன் துண்டை மென்று விழுங்கினார். சாவகாசமாக டீயை எடுத்தார்.

"யாரு செஞ்சா என்னய்யா இப்போ? விஷயம் அழகா முடிஞ்சுபோச்சு. சாப்பிடு, ஆறிடப்போகுது."

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று வீட்டில் ஃபுமியேவிடம் கேட்டார். "விடுங்க. நான் தடுக்கமாட்டேன். ஆனா நீங்க விட்டா என்ன சொல்லுவாங்க? அந்தப் பொண்ணுக்காகப் பதவியையே தூக்கிப் போட்டாரு, மகான்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் குனிஞ்சுக்கிட்டே இருக்கணும்," என்றாள் ஃபுமியே. மறுநாள் காலையில் குரோய்வா வழக்கம்போல வேலைக்குப் போனார்.

ஏப்ரல் முதல் தேதி எல்லாரும் வரிசையில் நின்றார்கள். முகாய் பெயரைக் கூப்பிட்டார்கள். கொண்டையில் பென்சில் இல்லை. யாரோ எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நடந்து போனாள், இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கினாள், குனிந்தாள். குரோய்வா மேலதிகாரிகள் வரிசையில் நின்றிருந்தார். தலையைக் குறுக்கே ஆட்டு, வேண்டாம்னு சொல்லு, ஒரே ஒரு தடவை எவனாவது சொல்லித் தொலைங்களேன் என்று உள்ளுக்குள் கத்தினார். அவள் குரல் தெளிவாக வந்தது.

"ஏற்றுக்கொள்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். மேலதிகாரிகள் வரிசையில் நிற்பவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அடுத்த வாரம் ஏழாவது பாகத்துக்கு முதல் கூட்டம். குரோய்வா மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு இளைஞன் காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். முகாய் எதிரே, புதுக் கோட்டும் புதுப் பெயர் அட்டையுமாக, "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். குரோய்வாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

மேஜைக்கு அடியில் முகாயின் வலது கை விரல்கள் முழங்கால்மேல் ஓடிக்கொண்டிருந்தன. வேகமாக, நிற்காமல், விசைப்பலகையில் தட்டுவதுபோலவே.

"பிரிவுத் தலைவர் சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நல்லா இருக்கு. அப்படியே பண்ணிடலாம்," என்றார் குரோய்வா, மேஜைக்கு அடியில் இருந்தபடியே. இடது கையால் பேனாவை எடுத்தார். நிமிருமுன் தன் முழங்காலைப் பார்த்தார். வலது கை அங்கேதான் இருந்தது. விரல்கள் சும்மா கிடந்தன.